ஒரு ஃபோல்டரை நகர்த்துவதில் என்ன இருக்கிறது? வீட்டு சர்வரும் அதற்குள்ளேயே வரும் ஃபைல் மேனேஜரும்

வீட்டில் சொந்தமாக சர்வர் வைத்திருக்கும் எவருக்கும் இந்த நிலைமை ஒரு நாள் வந்தே தீரும். எல்லாம் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும். புகைப்படங்களுக்கு ஒரு செயலி, வீடியோவுக்கு ஒன்று, பாஸ்வேர்டுகளுக்கு ஒன்று. பழைய லேப்டாப்பிலிருந்து கழற்றிய ஹார்டுடிஸ்கை யுஎஸ்பியில் செருகி, அதில் கிடக்கும் பத்து வருடப் படங்களை சர்வருக்குள் மாற்ற வேண்டும். வேலை அவ்வளவுதான். டாஷ்போர்டைத் திறந்தால் சிபியு எவ்வளவு சூடாக இருக்கிறது என்று தெரிகிறது, மெமரி தெரிகிறது, ஒவ்வொரு செயலிக்கும் ஐகான் தெரிகிறது. கோப்புகளை மட்டும் காணோம். சர்வர் வைத்ததே கோப்புகளைப் பத்திரமாக வைத்துக்கொள்ளத்தான். அவற்றை எட்டிப் பார்க்க, நகர்த்த, நீக்க ஒரு ஜன்னல், அதாவது ஃபைல் மேனேஜர், இல்லை.

எல்லா மென்பொருளும் இப்படித்தான் என்று சொல்லிவிட முடியாது. சினாலஜி, க்யூநாப் போல பெட்டியும் மென்பொருளும் சேர்த்து விற்பவர்கள் ஃபைல் ஸ்டேஷன் என்ற பெயரில் இதை வெகுகாலமாகத் தருகிறார்கள். காசாஓஎஸ்ஸிலும் உண்டு. ஆனால் நாமே ஒரு கணினியில் நிறுவிக்கொள்ளும் மென்பொருள்களில் பலவற்றுக்கு இது தாமதமாகத்தான் வந்தது. அன்ரெய்டில் வருடக்கணக்காகத் தனி பிளக்-இன்னாக இருந்த ஃபைல் மேனேஜர், 7.0 பதிப்பில்தான் மென்பொருளோடு இணைந்தது. அம்ப்ரெல்லுக்கு அது 1.4 பதிப்பில் வந்தது. லினக்ஸ் சர்வர்களை பிரௌசர் வழியாக நிர்வகிக்க உதவும் காக்பிட்டுக்கு 45டிரைவ்ஸ் நிறுவனம் எழுதிய நேவிகேட்டர்தான் பல காலம் கைகொடுத்தது. காக்பிட் குழுவே எழுதியது 2024இல் வந்தது. ஓப்பன்மீடியாவால்ட்டில் பிளக்-இன் போட்டுக்கொள்கிறார்கள். ட்ரூநாஸ் பயன்படுத்துபவர்கள் ஃபைல் பிரௌசர் என்ற தனிச் செயலியை நிறுவிக்கொள்கிறார்கள்.

கணினியில் ஃபைல் மேனேஜர் என்பது புது விஷயமே இல்லை. இடது பக்கம் ஒரு ஃபோல்டர், வலது பக்கம் ஒரு ஃபோல்டர் என்று திரையைப் பிரித்துக் காட்டிய நார்ட்டன் கமாண்டர் 1986இலேயே வந்துவிட்டது. அதைப் பார்த்து லினக்ஸ் உலகுக்கு எழுதப்பட்ட மிட்நைட் கமாண்டர் 1994இலிருந்து இருக்கிறது. பல வீட்டு சர்வர்களில் இன்றைக்கும் அவசர வேலைக்கு அதைத்தான் திறக்கிறார்கள். அப்படியிருக்க, சர்வர் மென்பொருளுக்குள் ஒன்றைச் சேர்ப்பதில் ஏன் இவ்வளவு தயக்கம்? சோம்பல் என்று சொல்லிவிட மாட்டேன். கோப்புகளைப் பட்டியலிட்டுக் காட்டும் ஒரு பக்கத்தை ஒரே வாரத்தில் எழுதிவிடலாம். அந்தப் பக்கத்தில் ‘நகர்த்து’, ‘நீக்கு’ என்று இரண்டு பட்டன்களை வைத்த நொடியிலிருந்து, அடுத்தவருடைய கோப்புகளுக்கு அந்த மென்பொருள் பொறுப்பேற்றுக்கொள்கிறது. அந்தப் பொறுப்பு எங்கெங்கே போய் நிற்கிறது என்று பார்ப்பதுதான் இந்தக் கட்டுரை.

எஸ்எம்பி இருக்கும்போது இது எதற்கு?

இந்த வசதியைக் கேட்டவர்களுக்கெல்லாம் முதலில் கிடைத்த பதில் இது. நெட்வொர்க் வழியாக ஃபோல்டரைப் பகிரத்தான் எஸ்எம்பி இருக்கிறதே, லேப்டாப்பில் திறந்து இழுத்துப் போட்டுக்கொள்ளலாமே என்பார்கள். நியாயமான பதில்தான். தினசரி வேலைக்கு நானும் அதைத்தான் பயன்படுத்துகிறேன். ஆனால் அதில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது.

சர்வரில் ஒரு ஷேரில் (நெட்வொர்க்கில் பகிர்ந்த ஃபோல்டரில்) இருக்கும் 60 ஜிபி வீடியோக்களை, அதே சர்வரின் இன்னொரு ஷேருக்கு மாற்றுகிறீர்கள் என்று வையுங்கள். லேப்டாப் வைஃபையில் இருக்கிறது. ஒவ்வொரு பைட்டும் சர்வரிலிருந்து கிளம்பி வைஃபை வழியாக லேப்டாப்புக்கு வந்து, அதே வைஃபை வழியாகத் திரும்பவும் சர்வருக்கே போகிறது. நொடிக்கு 40 எம்பி வேகம் என்றால் ஒரு வழிக்கே 25 நிமிடம். போவதும் வருவதும் ஒரே அலைவரிசையைப் பங்கு போட்டுக்கொள்வதால் மொத்தம் 50 நிமிடம் பக்கம் ஆகும். நடுவில் லேப்டாப் மூடியைச் சாத்தினால் அதோடு நின்றது. இதே வேலையை சர்வரே தனக்குள் செய்தால், ஒரு டிஸ்கிலிருந்து இன்னொரு டிஸ்குக்கு நொடிக்கு 150 எம்பி என்று வைத்தாலும் 7 நிமிடத்துக்குள் முடியும். ‘நீயே உனக்குள் காப்பி செய்துகொள்’ என்று சர்வருக்குச் சொல்லும் வழி எஸ்எம்பியில் உண்டு. விண்டோஸ் 8இலிருந்து எக்ஸ்ப்ளோரர் அதைக் கேட்கும், லினக்ஸ் சர்வரில் எஸ்எம்பியைப் பேசும் சாம்பா 4.1 பதிப்பிலிருந்து அதைப் புரிந்துகொள்ளும். ஆனால் சர்வரோடு பேசும் எல்லா மென்பொருளும் அப்படிக் கேட்பதில்லை.

அப்புறம், ஷேராகப் பகிராத இடங்கள் இருக்கின்றன. இப்போதுதான் செருகிய யுஎஸ்பி டிஸ்க் ஷேர் அல்ல. செயலிகளின் அமைப்புக் கோப்புகள் கிடக்கும் ஃபோல்டரும் ஷேர் அல்ல, ஆகவும் கூடாது. கையில் மொபைல் மட்டும் இருப்பவர்களையும் மறந்துவிடக் கூடாது.

மிச்சம் இருக்கும் வழி, கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் டெர்மினல். தெரிந்தவர்களுக்கு அது சொர்க்கம். எனக்கும் பிடிக்கும். ஆனாலும் அதில் நான் பட்ட ஒரு பாட்டைச் சொல்கிறேன். யுஎஸ்பி டிஸ்கிலிருந்து ஒரு படக் கோப்புறையை சர்வரின் தலைமை நிர்வாகியான ரூட்டின் அதிகாரத்தோடு காப்பி செய்தேன். காப்பி ஒழுங்காக முடிந்தது. ஆனால் புகைப்படச் செயலியில் அத்தனையும் வெற்றுச் சதுரங்களாக வந்து நின்றன. கோப்புகளுக்கெல்லாம் ரூட் சொந்தக்காரராகிவிட்டது, செயலி வேறு பயனராக ஓடுகிறது என்று புரிவதற்கே நேரம் பிடித்தது. புரிந்ததும் அவசரத்தில் இன்னொரு தப்பு செய்தேன். ‘எல்லோரும் எல்லாம் செய்யலாம்’ என்ற 777 அனுமதியை மேலேயிருந்து கீழே வரை ஒரே கட்டளையில் கொடுத்துவிட்டேன். அதே ஃபோல்டருக்குக் கீழே ஒரு டேட்டாபேஸும் இருந்தது, அது அதற்கப்புறம் கிளம்பவே இல்லை. போஸ்ட்கிரெஸ் என்ற அந்த டேட்டாபேஸ் தன் தரவு ஃபோல்டருக்கு 0700 அல்லது 0750 அனுமதிதான் வேண்டும் என்று பிடிவாதமாக இருக்கும். பூட்டு தளர்ந்திருந்தால் ஓட மறுத்துவிடும். அது செய்தது முழுக்கச் சரி. நான்தான் கதவையெல்லாம் திறந்து போட்டுவிட்டேன். எது என்ன ஃபோல்டர் என்று தெரிந்த ஒரு கருவி அன்று கையில் இருந்திருந்தால், இந்த இரண்டு தவறுக்குமே இடம் வந்திருக்காது.

நகர்த்துவது என்ற ஒரே சொல்லுக்குப் பின்னால்

பயனர் கண்ணுக்கு ‘நகர்த்து’ என்பது ஒரே வேலை. கணினிக்கு அது முற்றிலும் வேறான இரண்டு வேலைகள்.

டிஸ்கில் கோப்புகளை அடுக்கிக் கணக்கு வைக்கும் அமைப்புக்கு ஃபைல் சிஸ்டம் என்று பெயர். ஒரே ஃபைல் சிஸ்டத்துக்குள் நகர்த்தினால் கோப்பின் உள்ளடக்கம் இம்மியும் அசையாது. இந்தப் பெயர் இந்த ஃபோல்டரில் இருந்தது, இனி அந்த ஃபோல்டரில் இருக்கும் என்று ஒரு குறிப்பு மாறுகிறது, அவ்வளவே. 60 ஜிபியாக இருந்தாலும் கண்ணிமைக்கும் நேரத்தில் முடியும். நடுவில் மின்சாரம் போனாலும் ஒன்று பழைய இடத்தில் இருக்கும், இல்லாவிட்டால் புது இடத்தில் இருக்கும்.

ஃபைல் சிஸ்டம் மாறினால் கதையே வேறு. லினக்ஸிடம் பெயர் மாற்றச் சொன்னால் ‘இது வேறு சாதனம், என்னால் ஆகாது’ என்ற பிழை திரும்பி வரும். உடனே மென்பொருள் முழுக் கோப்பையும் காப்பி செய்து, பிறகு பழையதை அழிக்க வேண்டும். இப்போது நடுவில் மின்சாரம் போனால்? பாதி காப்பியான கோப்பு ஒன்று, அழியாத மூலம் ஒன்று. ஆயிரம் கோப்புகள் கொண்ட ஃபோல்டரில் 412 கோப்புகள் அங்கே, 588 இங்கே. எதை நம்புவது? நன்றாக எழுதிய ஃபைல் மேனேஜர், காப்பியாகும் கோப்பை ஒரு தற்காலிகப் பெயரில் எழுதி, முழுதாக முடிந்து டிஸ்கில் பதிந்த பிறகே சரியான பெயரைக் கொடுக்கும். மூலத்தை அதற்கு அப்புறம்தான் தொடும்.

சிக்கல் என்னவென்றால், எங்கே ஒரு ஃபைல் சிஸ்டம் முடிந்து இன்னொன்று தொடங்குகிறது என்று பயனருக்குத் தெரியவே தெரியாது. ஒரே டிஸ்க்தானே என்று நினைப்பார். இசட்எஃப்எஸ்ஸில் டிஸ்குகளைச் சேர்த்த பூலை டேட்டாசெட்டுகளாகப் பிரிப்பார்கள், ஒவ்வொரு டேட்டாசெட்டும் தனி ஃபைல் சிஸ்டம். ஒரே பூலுக்குள் இருந்தாலும் ஒரு டேட்டாசெட்டிலிருந்து இன்னொன்றுக்கு நகர்த்துவது பெயர் மாற்றமாக நடக்காது. பிடிஆர்எஃப்எஸ் என்ற இன்னொரு ஃபைல் சிஸ்டத்தில் சப்வால்யூம் என்ற பிரிவுகளுக்கு நடுவிலும் இதே தடை உண்டு. ஷேர் ஒவ்வொன்றையும் ஒரு டேட்டாசெட்டாகவோ சப்வால்யூமாகவோ வைக்கும் சர்வரில், பக்கத்து ஷேருக்கு நகர்த்துவது என்றால் இந்தக் கோட்டைத் தாண்டுவதுதான். ‘ஏன் நேற்று நொடியில் முடிந்தது இன்று அரை மணி நேரம் ஆகிறது?’ என்ற கேள்விக்குப் பதில் இங்கே இருக்கிறது. பட்டனை அழுத்துவதற்கு முன்பே ‘இது காப்பியாக நடக்கும், சுமார் இவ்வளவு நேரமாகும், அந்தப் பக்கம் இவ்வளவு இடம் வேண்டும்’ என்று ஒரு வரி சொல்லலாம். சர்வர் மென்பொருளுக்கு இது எல்லாமே தெரியும். டேட்டாசெட்டை உருவாக்கியதே அதுதானே.

இதில் அன்ரெய்டின் கதையை விவரமாகச் சொல்லியாக வேண்டும். உள்ளேயே ஃபைல் மேனேஜர் இருப்பதால் என்ன லாபம் என்பதற்கு அதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. அன்ரெய்டின் வழக்கமான அமைப்பில் ஒவ்வொரு டிஸ்கும் தனி ஃபைல் சிஸ்டம். அத்தனை டிஸ்கிலும் இருக்கும் ஒரே பெயருள்ள ஃபோல்டர்களைச் சேர்த்து ஒரே ஷேராக மேலே காட்டும் ஓர் அடுக்கு உண்டு. ஆக, ஒரே கோப்புக்கு இரண்டு முகவரி: முதல் டிஸ்கின் வழியாக ஒன்று, ஷேரின் வழியாக ஒன்று. இப்போது ஒருவர் டிஸ்க் முகவரியிலிருந்து ஷேர் முகவரிக்கு அதே ஃபோல்டரை காப்பி செய்கிறார் என்று வையுங்கள். காப்பி செய்யும் கருவி இரண்டையும் பார்க்கிறது. வேறு வேறு ஃபைல் சிஸ்டம், வேறு வேறு கோப்பு என்று நம்புகிறது. சேரும் இடத்தில் இருக்கும் கோப்பை எழுதுவதற்காகத் திறந்து காலி செய்கிறது. காலியானது மூலக் கோப்பேதான்! படிப்பதற்கு அதில் எதுவும் மிச்சமில்லை. பிழைச் செய்தி இல்லை, எச்சரிக்கை இல்லை, பூஜ்ய பைட்டில் ஒரு கோப்பு மட்டும் நிற்கும். டெர்மினலில் இதைச் செய்பவரைத் தடுக்க ஆளில்லை. அன்ரெய்டின் ஃபைல் மேனேஜரோ டிஸ்கையும் ஷேரையும் ஒரே வேலையில் கலக்க விடுவதில்லை. அந்த மென்பொருளின் உள்ளமைப்பு தெரிந்தவர்கள் எழுதியதால்தான் இது முடிந்தது. வெளியிலிருந்து வரும் பொதுவான கருவிக்கு இப்படி ஒரு பள்ளம் இருப்பதே தெரியாது.

யாருடைய கோப்பு?

லினக்ஸ் ஒவ்வொரு கோப்போடும் சொந்தக்காரரின் எண்ணை எழுதி வைக்கிறது. பெயரை அல்ல, எண்ணை. ரூட் என்றால் 0. பெரும்பாலான லினக்ஸ்களில் முதலில் உருவாக்கிய பயனருக்கு 1000. டெபியனில் வெப் சர்வருக்கு 33. லினக்ஸ்சர்வர் குழுவினர் தரும் கன்டெய்னர்கள் (தனிப் பெட்டிபோல் அடைத்து ஓட்டும் செயலிகள்), நாம் எதுவும் சொல்லாவிட்டால் 911ஆக ஓடும். அன்ரெய்டில் 99. ஒரு சாதாரண வீட்டு சர்வரில் இந்த எண்கள் எல்லாம் ஒரே டிஸ்கில் கலந்து கிடக்கும்.

ஃபைல் மேனேஜர் எந்த எண்ணாக ஓடுவது? காக்பிட் இதற்கு ஒரு சுத்தமான வழி வைத்திருக்கிறது. லாகின் செய்பவர் யாரோ, அவருடைய அதிகாரத்திலேயே பின்னணியில் எல்லாம் ஓடும். டெர்மினலில் அவரால் எதைத் தொட முடியுமோ அதைத்தான் பிரௌசரிலும் தொட முடியும். நிர்வாக அதிகாரம் வேண்டும் என்றால் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். பல வீட்டு சர்வர் மென்பொருள்களில் இது ஒத்துவராது, ஏனென்றால் அவற்றில் லினக்ஸ் பயனர்கள் என்ற பேச்சே கிடையாது. டாஷ்போர்டுக்கு ஒரு பாஸ்வேர்ட், பின்னால் எல்லாம் ரூட். அப்படிப்பட்ட இடத்தில் அப்லோடு செய்யும் ஒவ்வொரு கோப்பும் ரூட்டின் பெயரில் விழுந்தால், எனக்கு நடந்ததுதான் எல்லோருக்கும் நடக்கும்.

எனக்குச் சரியென்று படுவது இது: கோப்பு எந்த ஃபோல்டருக்குள் விழுகிறதோ, அந்த ஃபோல்டரின் சொந்தக்காரரே கோப்புக்கும் சொந்தக்காரராக வேண்டும். புகைப்படச் செயலியின் ஃபோல்டருக்குள் போட்டால் புகைப்படச் செயலியின் எண். பயனருக்கு எண்ணைப் பற்றிக் கேள்வியே எழாது. அனுமதிகளைக் கையால் மாற்றும் திரை வேண்டுமென்றால் இருக்கட்டும், ஆனால் கீழே இருக்கும் அத்தனைக்கும் ஒரேயடியாக மாற்றும் பட்டனை எளிதில் கைபடாத இடத்தில் வைக்க வேண்டும்.

வெளியிலிருந்து ஒரு ஃபைல் பிரௌசர் கன்டெய்னரை நிறுவுவோருக்கு இதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. கன்டெய்னர் தனக்குள் இணைத்ததை மட்டுமே பார்க்கும். எல்லாம் தெரிய வேண்டும் என்று சர்வரின் மொத்த டிஸ்கையும் ரூட் அதிகாரத்தோடு அதற்குள் இணைத்துவிடுகிறார்கள். வீட்டுச் சாவிக்கொத்து முழுவதையும் ஒரு சின்னச் செயலியிடம் கொடுத்ததற்குச் சமம் இது. அதில் ஒரு ஓட்டை வந்தால் போதும்.

தொடக் கூடாத ஃபோல்டர்கள்

சர்வரில் இருக்கும் எல்லா ஃபோல்டரும் ஒரே மாதிரி அல்ல. ஜெல்லிஃபின் போன்ற வீடியோ செயலிகள் நீங்கள் அடுக்கி வைத்த ஃபோல்டரைப் படித்துக்கொள்ளும். அங்கே ஒரு படத்தைப் போட்டால் ஸ்கேன் ஆனதும் பட்டியலில் வந்துவிடும். கோப்புகளைச் சேமித்துப் பகிரும் நெக்ஸ்ட்கிளவுட் அப்படியில்லை. எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்று தன் டேட்டாபேஸில் குறித்து வைத்திருக்கும். வெளியிலிருந்து அதன் ஃபோல்டருக்குள் ஒரு கோப்பைப் போட்டால், மறுபடி ஸ்கேன் செய்யச் சொல்லும் வரை அதன் கண்ணுக்குத் தெரியாது. புகைப்படச் செயலியான இம்மிச் தன்னிடம் அப்லோடு செய்த படங்களின் முகவரியை டேட்டாபேஸில் வைத்திருக்கிறது. அங்கே புகுந்து ஃபோல்டர் பெயரை அழகுபடுத்தினால், படம் டிஸ்கில் இருக்கும், செயலியில் இருக்காது. டேட்டாபேஸின் சொந்தக் கோப்புகளை ஓடும்போதே நகர்த்தினால் என்ன ஆகும் என்று விளக்கத் தேவையில்லை.

உள்ளேயே வரும் ஃபைல் மேனேஜருக்கு என் முழு ஆதரவும் இந்தக் காரணத்துக்காகத்தான். செயலியை நிறுவியது சர்வர் மென்பொருள். எந்த ஃபோல்டரை எந்தச் செயலிக்கு இணைத்தது, செயலிக்குள் அதன் பெயர் என்ன, டிஸ்கில் அதன் பெயர் என்ன, செயலி இப்போது ஓடுகிறதா இல்லையா, எல்லாம் அதன் கையில் இருக்கிறது. ஒரு ஃபோல்டரைத் திறந்ததும் ‘இதை இன்னின்ன செயலிகள் பயன்படுத்துகின்றன’ என்று மேலே ஒரு வரி காட்ட அதனால் முடியும். டேட்டாபேஸ் ஃபோல்டருக்கு ஒரு பூட்டுப் படம் போட்டு, படிக்க மட்டும் விட முடியும். நெக்ஸ்ட்கிளவுட் ஃபோல்டருக்குள் கோப்பு விழுந்ததும் ஸ்கேனைத் தானே தட்டிவிட முடியும். இந்த வேலையெல்லாம் செய்யாமல் டிஸ்கை அப்படியே திறந்து காட்டினால், டெர்மினலில் இருந்த ஆபத்தை மவுஸுக்கு எட்டும் தூரத்தில் கொண்டுவந்து வைத்ததுதான் மிச்சம்.

நீக்குவதற்கும் இதே கவனம் வேண்டும். குப்பைத் தொட்டி இல்லாத ஃபைல் மேனேஜரை வெளியிடவே கூடாது என்பேன். லினக்ஸ் டெஸ்க்டாப்புகளுக்கு ஃப்ரீடெஸ்க்டாப் அமைப்பு ஒரு பொது வழி வகுத்து வைத்திருக்கிறது. ஒவ்வொரு ஃபைல் சிஸ்டத்தின் உச்சியிலும் பயனரின் எண்ணோடு ஒரு மறைந்த குப்பை ஃபோல்டர். அதில் கோப்புகளுக்கு ஓர் அறை, ஒவ்வொரு கோப்பும் எங்கிருந்து எப்போது வந்தது என்ற சிறு குறிப்புகளுக்கு இன்னோர் அறை. ஃபைல் சிஸ்டம் ஒவ்வொன்றுக்கும் தனித் தொட்டி எதற்கு? முன்பு சொன்னதுதான். தொட்டி அதே ஃபைல் சிஸ்டத்தில் இருந்தால் நீக்குவது வெறும் பெயர் மாற்றம். வேறு இடத்தில் இருந்தால் 60 ஜிபியை நீக்குவதற்கு 60 ஜிபியை காப்பி செய்ய வேண்டியிருக்கும். டிஸ்க் நிரம்பியதால்தான் ஒருவர் நீக்கவே வந்திருப்பார். தொட்டிக்குப் போனது இன்னும் இடத்தை அடைத்துக்கொண்டுதான் இருக்கிறது என்பதை அங்கேயே சொல்ல வேண்டும். ஃபைல் சிஸ்டத்தின் அந்த நேர நிலையை அப்படியே பிடித்து வைக்கும் ஸ்னாப்ஷாட் எடுத்து வைத்திருந்தால் தொட்டியைக் காலி செய்தாலும் இடம் வராது. அதையும் சொல்ல வேண்டும். சாம்பாவுக்கென்று தனியாக ஒரு தொட்டி உண்டு. எஸ்எம்பியில் நீக்கியது அங்கே, பிரௌசரில் நீக்கியது இங்கே என்று இரண்டு இடத்தில் தேட வைக்காமல் ஒன்றாக்கினால் புண்ணியமாகப் போகும்.

அப்லோடு பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முன்னால் என்ஜின்எக்ஸ் என்ற வெப் சர்வர் நின்றால், அதன் இயல்பான வரம்பு 1 எம்பிதான். அதை மாற்றாமல் விட்டால் ஒரு மொபைல் படம்கூட உள்ளே போகாது, 413 என்ற பிழைதான் வரும். பெரிய கோப்பைத் துண்டு துண்டாக அனுப்பி, அறுந்தால் விட்ட இடத்திலிருந்து தொடர வேண்டும். வந்து சேரும் துண்டுகளை மெமரியில் இருக்கும் தற்காலிக ஃபோல்டரில் வைத்தால், ஒரு பெரிய வீடியோ மொத்த சர்வரையும் மூச்சுத் திணற வைத்துவிடும். காப்பியும் நகர்த்தலும் சர்வரில் பின்னணி வேலையாக நடக்க வேண்டும், பிரௌசர் டேபை மூடினால் நிற்கக் கூடாது.

பாதுகாப்பு

பிரௌசரிலிருந்து வரும் கோப்பு முகவரியை நம்பக் கூடாது என்பது பாலபாடம். ‘மேல் ஃபோல்டருக்குப் போ’ என்று பொருள்படும் இரண்டு புள்ளிகளை முகவரியில் வரிசையாகச் சேர்த்து, அனுமதித்த இடத்துக்கு வெளியே ஏறிக் குதிப்பது மிகப் பழைய தாக்குதல். புள்ளிகளைத் தேடி வெட்டினால் போதாது. உள்ளே ஒரு சிம்லிங்க் (வேறோர் இடத்தைக் காட்டும் குறுக்குவழி) இருந்து அது வெளியே காட்டினால் அதே கதிதான். சோதித்த நொடிக்கும் திறக்கும் நொடிக்கும் நடுவில் சிம்லிங்கை மாற்றிவைக்கவும் முடியும். இதற்கு லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலே கைகொடுக்கிறது. 2020இல் வந்த 5.6 பதிப்பிலிருந்து, ‘இந்த ஃபோல்டருக்குக் கீழே இருந்தால் மட்டும் திற’ என்று கெர்னலிடமே சொல்லலாம். கோ மொழியின் 1.24 பதிப்பு 2025இல் இதே வேலைக்கு ஒரு வசதியைச் சேர்த்தது.

ஜிப் கோப்பைப் பிரிக்கும் பட்டனிலும் இதே பொறி இருக்கிறது. ஜிப்புக்குள் இருக்கும் பெயரிலேயே மேலே ஏறும் புள்ளிகளை எழுதி வைத்தால், பிரிக்கும்போது கோப்பு எங்கோ போய் விழும். ஸ்னிக் நிறுவனம் 2018இல் ‘ஜிப் ஸ்லிப்’ என்று பெயர் வைத்து இதை வெளிக்கொண்டுவந்தபோது, ஏராளமான மென்பொருள்களில் இந்த ஓட்டை இருந்தது தெரியவந்தது. முன்னோட்டம் காட்டும் இடத்தில் இன்னொன்று. எஸ்விஜி என்பது பார்க்கப் படம், ஆனால் அதற்குள் ஸ்கிரிப்ட் எழுதலாம். யாரோ அனுப்பிய எஸ்விஜியை டாஷ்போர்டின் முகவரியிலேயே நேரடியாகத் திறந்து காட்டினால், அந்த ஸ்கிரிப்ட் உங்கள் லாகினோடு ஓடும். பின்னால் ரூட். மீதியை நீங்களே யோசித்துக்கொள்ளலாம்.

2021 ஏப்ரலில் க்யூநாப் பெட்டிகளைக் குறிவைத்த க்யூலாக்கர் தாக்குதலில், மக்களின் கோப்புகளை 7-ஜிப்பால் பாஸ்வேர்ட் போட்டுப் பூட்டிப் பணம் கேட்டார்கள். உள்ளே நுழைய வழி விட்டது பேக்கப் மென்பொருளில் இருந்த ஓட்டை, ஃபைல் மேனேஜர் அல்ல. ஆனால் டாஷ்போர்டை இணையத்துக்குத் திறந்து வைக்கும் வீட்டில் ஃபைல் மேனேஜரும் அதே வாசலில்தான் நிற்கிறது. வெளியிலிருந்து போக வேண்டுமானால் விபிஎன் வழியாகப் போங்கள்.

தமிழில் பெயர் வைத்தால்

இதை யாராவது எழுதியாக வேண்டும் என்று எனக்கு வெகுநாளாக ஆசை. லினக்ஸில் ஒரு கோப்புப் பெயருக்கு எல்லை 255. எழுத்தல்ல, பைட். ஆங்கில எழுத்து ஒரு பைட், தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட். ‘கி’ என்பது நமக்கு ஓர் எழுத்து, கணினிக்கு ககரமும் இகரக் குறியும் சேர்ந்து 6 பைட். ‘வெள்ளிக்கிழமை மாலை எடுத்த குடும்பப் படங்கள்’ என்று பெயர் வைத்தால் நம் கணக்கில் 23 எழுத்து, கணினிக் கணக்கில் இடைவெளிகளோடு 121 பைட். சினாலஜியின் மறையாக்கம் செய்த ஷேரில் எல்லை இன்னும் குறைவு, 143 பைட்தான். அங்கே இந்தப் பெயரோடு ‘இரண்டாம் நாள்’ என்று சேர்த்தாலே பெயர் உள்ளே போகாது. அந்த இடத்தில் ‘பிழை’ என்று மட்டும் சொல்லும் ஃபைல் மேனேஜர், பயனரைக் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி. ‘பெயர் நீளம், இன்னும் இத்தனை எழுத்தைக் குறையுங்கள்’ என்று சொல்ல ஒரு வரி போதும்.

இன்னொன்று இதைவிட நுட்பமானது. ‘கொடி’ என்ற சொல்லை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம். ஒகரக் குறியை ஒரே குறியாக வைத்தால் 12 பைட். ஒற்றைக் கொம்பு, கால் என்று இரண்டாகப் பிரித்து வைத்தால் 15 பைட். கண்ணுக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது, யூனிகோடும் இரண்டும் ஒன்றே என்கிறது. ஆனால் லினக்ஸ் ஃபைல் சிஸ்டங்கள் பெரும்பாலும் பைட்டை மட்டுமே பார்க்கும், ஆகவே அவற்றுக்கு இவை இரண்டு வேறு பெயர்கள். மேக்கின் பழைய எச்எஃப்எஸ் பிளஸ் டிஸ்குகள் பெயரைப் பிரித்த வடிவில் சேமிப்பவை. அப்படிப்பட்ட டிஸ்கிலிருந்து ஒரு ‘கொடி’ வந்து, மொபைலிலிருந்து இன்னொரு ‘கொடி’ வந்தால், ஒரே ஃபோல்டரில் ஒரே பெயரில் இரண்டு ஃபோல்டர் நிற்கும். தேடினால் ஒன்று கிடைக்கும், மற்றது கிடைக்காது. ஒகரம், ஓகாரம், ஔகாரம் வரும் எந்தப் பெயருக்கும் இது நடக்கலாம். ஃபைல் மேனேஜர் புதிதாக எழுதும் பெயர்களைச் சேர்ந்த வடிவத்துக்கு மாற்றி எழுதிவிடலாம். தேடும்போதும் ஒப்பிடும்போதும் இரண்டையும் ஒன்றாக எண்ண வேண்டும். ஏற்கெனவே டிஸ்கில் இருக்கும் பெயரைச் சொல்லாமல் மாற்றக் கூடாது, ஏனென்றால் ஏதோ ஒரு செயலியின் டேட்டாபேஸில் அந்தப் பழைய பைட்டுகள் இருக்கலாம்.

உங்கள் சர்வரில் ஃபைல் மேனேஜர் இருந்தால், முக்கியமான கோப்புகளை அதில் தொடுவதற்கு முன் ஒரு மாலை நேரம் ஒதுக்கிச் சோதித்துப் பாருங்கள். சோதனைக்கென்று இரண்டு ஷேர் உருவாக்குங்கள். பத்து ஜிபி அளவுக்கு ஏதாவது கோப்பை ஒன்றிலிருந்து மற்றதற்கு நகர்த்தத் தொடங்கிவிட்டு, பாதியில் பிரௌசர் டேபை மூடுங்கள். திரும்பத் திறந்தால் வேலை ஓடிக்கொண்டிருக்கிறதா? முடிந்த பிறகு அந்தக் கோப்பின் சொந்தக்காரர் யார் என்று பாருங்கள். அதை நீக்கிவிட்டு, எங்கே போனது, டிஸ்கில் இடம் திரும்ப வந்ததா என்று பாருங்கள். நெட்வொர்க் வழியாக ஒரு கோப்பை நீக்கிவிட்டு அதே தொட்டியில் தேடுங்கள். கடைசியாக, மொபைலிலிருந்து ‘கொடி’ என்று ஒரு ஃபோல்டர் உருவாக்கி, கணினியிலிருந்து அதே பெயரைத் தேடிப் பாருங்கள்.